பாலையூற்றில் வராத பழுது

இரண்டு கைகள் ஜீப்பின் முன் இடது ரயரில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறின. அந்தக் கோடு நிலத்தைத் தொட்ட இடத்தில் சிமெந்துத் தரையிலும் ஒரு கோடு விழுந்தது. பிறகு அதே கைகள் வாகனத்தின் பின்பக்கத்தில் ஊன்றித் தள்ளின. ரயர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கோடு மறுபடி நிலத்துக்கு வந்ததும் தள்ளல் நின்றது. தரையில் இரண்டாவது கோடு. இடையில் இரும்பு நாடா. முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒவ்வொரு சில்லுக்கும் இதே வேலை. கடைசிச் சில்லையும் அளந்து முடித்த கை நாடாவைப் பிடிவிட, அது தன் கூட்டுக்குள் படாரென்று ஓடி அடித்தது. நான்கு ரயர்களுக்கும் இடையில் நகத்தின் தடிப்புக்கூட வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இருக்கவேண்டும் என்றுதான் அந்தக் கைகளுக்கு உரியவர் விரும்பினார். ஒரு ரயர் சிறிதாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"அளந்து முடிஞ்சுதா அண்ணன்?" என்று கேட்டார் கூடவே நின்று தள்ளிய சாரதி ஸெய்னுதீன். "அப்ப இனி நாலுக்கும் சட்டை தைக்கலாம்."

பாக்கியரத்தினம் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அந்தத் துணியையே எதிரிபோலப் பார்த்தார். இந்த வெள்ளை ஜீப் இதே பழுதுக்காக அவருடைய பட்டறைக்கு வருவது இது மூன்றாம் தரம்.

ஜீப், குடாவுக்கு அக்கரையில், கிண்ணியாவுக்கு அப்பால் இடம்பெயர்ந்து இருக்கும் சனங்களுக்கு நடமாடும் கிளினிக் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தினுடையது. கர்ப்பிணிகளையும் பச்சைப் பிள்ளைகளையும் பார்க்கும் மிஸ்ஸி, மருந்துப் பெட்டிகள், நிறை பார்க்கும் தராசு எல்லாம் அதில்தான் போகும். 2006ஆம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அந்தப் பக்கத்து வீதிகள் வீதிகளாக இல்லை. மாரி மழையில் ஜீப் இரண்டு தடவை சேற்றில் புதைந்து நின்றதால், கொழும்பு அலுவலகம் பெரிய ரயர்கள் நான்கை அனுப்பியது. முரட்டுப் பல் வைத்த, பழையதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு உயரமான ரயர்கள். அவற்றைப் பூட்டியவர் பாக்கியரத்தினம்தான்.

பூட்டிய மாதமே முறைப்பாடு வந்தது. வளைவில் திரும்பும்போது, சாரதி காலை வைக்காமலே பிரேக் பிடிக்கிறது.

தானாகப் பிரேக் பிடிப்பது அந்த ஜீப்புக்குப் புதிய பழக்கம் அல்ல. அதற்கென்றே அதில் ஓர் ஏற்பாடு உண்டு. வாகனம் சறுக்கப் போகிறது என்று உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் நினைத்தால், ஒரு சில்லை மட்டும் பிடித்து வாகனத்தை நேராக்கும். அப்போது மீற்றர் பலகையில், நெளிந்த இரண்டு கோடுகளுடன் ஒரு சின்னக் கார் மஞ்சளாக மினுங்கும். சறுக்காதபோதும் சறுக்குவதாக அது நினைத்தால்தான் ஆபத்து. நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும் வாகனத்தை வளைவுக்கு வெளியே இழுத்துவிடும். போன கிழமை குளக்கட்டு வீதி ஒன்றில் இழுத்தது. கீழே வயல். முன் சில்லு கட்டின் ஓரப் புல்லில் ஏறி நின்றது.

"ஓடினது எவ்வளவு வேகத்தில?" என்று பாக்கியரத்தினம் திரும்பவும் கேட்டார்.

"அந்தக் கட்டில எருமையே என்னை முந்திப் போகும். அந்த வேகம்."

"எந்தப் பக்க வளைவு?"

"வலது. அந்தக் கரையில எல்லாம் வலது வளைவிலதான். திரும்பி இந்தக் கரைக்கு வந்தாப் பிறகு இடது வளைவில. இப்ப வரும் வழியிலயும் சீனன்குடாவில இடது வளைவில பிடிச்சது."

பாக்கியரத்தினம் நாடாவை மேசையில் வைத்தார். அவருக்கு எரிச்சல் ஊட்டிய பதில் இதுதான். பழுதுக்கு ஒரு பக்கம் உண்டு. இடது சில்லில் கோளாறு என்றால் எந்தக் கரையிலும் அது இடது சில்லில்தான் இருக்கும். தண்ணீரைக் கடந்ததும் பக்கம் மாறும் பழுதை அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. இப்படி இரண்டு விதமாகச் சொல்பவர்கள் பொதுவாகத் தங்கள் பிழையை வாகனத்தின் தலையில் கட்டுபவர்கள். ஆனால் ஸெய்னுதீனை அவருக்குப் பல காலமாகத் தெரியும். கியரைக்கூட நோகாமல் போடும் மனிதர்.

அந்த நேரத்தில்தான் நிறுவனத்தின் திருகோணமலை அலுவலகத்தில் போக்குவரத்தைப் பார்க்கும் யோகலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார்.

"என்ன பாக்கியண்ணை, கண்டுபிடிச்சீங்களா?"

"இன்னும் இல்லை."

"இல்லை எண்டால், பழுது இல்லையா, இன்னும் பார்க்கேல்லையா?"

"பார்த்த இடம் எல்லாம் சரியாய்க் கிடக்கு."

யோகலிங்கம் ஸெய்னுதீனைப் பார்த்துவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "முதல் தரமும் பழுதில்லை எண்டு சொன்னீங்கள். ரெண்டாம் தரமும் அப்படித்தான். நான் அதைத்தான் கொழும்புக்குச் சொன்னனான். இப்ப அவங்கள் சொல்லுறது, வாகனம் சரியெண்டால் ஓட்டுறவர் சரியில்லையாம். பெரிய ரயர் கிடைச்ச உசாரில வேகமாய் ஓடுறாராம். இந்த மாதம் முடிய ஆளை மாத்தச் சொல்லிப்போட்டாங்கள்."

ஸெய்னுதீன் ரயரில் இருந்த வெண்கட்டிக் கோட்டைப் பெருவிரலால் அழித்தார்.

"நான் என்ன செய்யிறது?" என்றார் யோகலிங்கம். "வாகனத்தில இன்ன பழுது எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

காணாத பழுதைக் கண்டதாகச் சொல்ல பாக்கியரத்தினத்துக்கு ஏலாது. இல்லை என்று சொன்னால் ஸெய்னுதீனின் வேலை போகும். தான் இரண்டு தரம் உண்மையாகச் சொன்ன ஒரு சொல், பக்கத்தில் நிற்கும் மனிதரின் சோற்றில் மண்ணாக விழுந்துகொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

"மாதம் முடிய இன்னும் ஒரு கிழமை இருக்குத்தானே," என்று மட்டும் சொன்னார்.

பாக்கியரத்தினம் எந்தத் தொழிற்கல்லூரிக்கும் போனவர் அல்ல. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையின் வாகனப் பகுதியில், உழவு இயந்திரங்களுக்குக் கிறீஸ் போடும் ஆளாகச் சேர்ந்தவர். அங்கே இயந்திரங்களைத் திருத்திய பழைய பிற்றர்மாரிடம் பார்த்தும், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு தானே கழற்றிப் பூட்டியும் பழகினார். தொழிற்சாலை மூடப்பட்டதும் பாலையூற்றில் மனைவியின் காணியில் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் வைத்த வாகனங்கள் வரத் தொடங்கியபோது மற்றவர்கள் கையை விரித்தார்கள். அவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கைநூல்களைப் படித்தார். ஒரு வாகனத்தைத் தொட்டால் முன்னர் என்ன செய்தாரோ அதையே, அதே ஒழுங்கில் செய்வார். முதல் வேலை, எஞ்சின் மூடியைத் திறந்து பற்றரியின் மறைக் கம்பியை, அதாவது நெகற்றிவ் கம்பியை, கழற்றி ஒதுக்கி வைப்பது. கந்தளாயில் அது சட்டம். கம்பி பூட்டியிருக்கும் வாகனத்துக்குள் கை வைத்தவனைப் பிற்றர்மார் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தச் சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

இந்த ஜீப்பிலும் அப்படித்தான் தொடங்கினார். கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்லும் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில்லு சுற்றும் வேகத்தைச் சொல்பவை சுத்தமாக இருந்தன. பெரிய ரயர் அவற்றின் வயரில் உரசவில்லை. ஸ்ரேறிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் உறுப்பு சரி. ஸ்ரேறிங் கொஞ்சம் கோணலாக நின்றதை அவர் முதல் தரமே நேராக்கியிருந்தார். முன்கதிரைகள் இரண்டுக்கும் நடுவில், கம்பளத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. வாகனத்தின் உடம்பு உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்வது அது. அதுவும் அசையாமல் இறுகியிருந்தது. எல்லாம் முடிந்து கம்பியைப் பூட்டி, கன்னியா வீதியில் ஓடிப் பார்த்தால் ஜீப் வெண்ணெயில் கத்தி போலப் போகும். இடது, வலது, வேகம், மெது, எதிலும் அந்த மஞ்சள் கார் மினுங்காது.

மூன்றாம் தரமும் மினுங்கவில்லை. கன்னியா வீதியில் இருந்த எல்லா வளைவுகளையும் அவர் தேய்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபோதும் மனம் சோற்றில் இல்லை. ரயர் பெரிது. பெரிது என்றால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும். அதாவது வாகனம் தான் நினைப்பதைவிட வேகமாக ஓடுகிறது. அதனால் சறுக்குகிறதோ என்ற சந்தேகம் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம்தான். அது மட்டுமே காரணம் என்றால் பாலையூற்றிலும் பிடிக்கவேண்டும்.

"அந்த ஜீப் இஞ்ச வந்தால் நல்ல பிள்ளை," என்றார் மனைவி அன்னலட்சுமி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "டொக்டரைக் கண்டவுடன காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி. காய்ச்சல் வாற இடத்துக்கு டொக்டர் போனால் என்ன?"

"அக்கரைக்குக் கடல் பாதையில ஏறிப் போகவேணும். ஆமிக்காரரிட்ட பாஸ் வேணும்."

"அப்ப பாஸ் எடுங்கோ. ரெண்டு நாளாய் நீங்கள் உப்பில்லாத கறியைச் சாப்பிடுறீங்கள். எனக்கு அதைப் பார்க்க ஏலாது."

அவர் அப்போதுதான் கறியை ருசித்துப் பார்த்தார். உப்பு இல்லைத்தான்.

யோகலிங்கம் அலைந்து அந்தக் கிழமை முழுக்கச் செல்லும் அனுமதி எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமைக் கிளினிக்குக்கு ஜீப் புறப்பட்டபோது முன்கதிரையில் பாக்கியரத்தினம் இருந்தார். பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் பரீதா மிஸ்ஸி.

"அண்ணன், முன்னால இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கொள்ளுங்க," என்றார் அவர். "போன கிழமை எனக்கு நெத்தியில வீங்கினது. கிளினிக்குக்கு வந்த பொம்பிளைகள் எல்லாம் எனக்குத்தான் மருந்து போட்டாங்க."

"மிஸ்ஸி, அது பழுது," என்றார் ஸெய்னுதீன்.

"பழுதோ, ஸெய்னுதீன் நானாவோ, வீங்கினது என்ட நெத்தி."

கிண்ணியாத் துறையில் வாகனங்கள் வரிசையில் நின்றன. ஊரார் பாதை என்று சொல்லும் அந்த மிதவை, இரும்புத் தட்டு ஒன்று. அதன் விலாவில் கட்டிய எஞ்சின் வள்ளம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஜீப் பாதையில் ஏறி நின்றதும் காவலில் இருந்த ஒரு சிப்பாய் வந்து, கூரையில் இருந்த, அலுவலகத்தோடு பேசும் ரேடியோவின் நீளக் கம்பியைச் சுட்டிக் காட்டி, மூடியைத் தட்டினான். ஸெய்னுதீன் இறங்கி மூடியைத் திறந்து, பற்றரியில் இருந்து மறைக் கம்பியைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார். சிப்பாய் தலையசைத்துவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போனான்.

"இது என்ன?" என்றார் பாக்கியரத்தினம்.

"ரேடியோ வச்ச வாகனமெண்டா இப்பிடித்தான். கடலில போகேக்க ரேடியோவுக்குக் கரண்ட் இருக்கக் கூடாதாம். எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை எடுத்தாலும் ரேடியோ வேலை செய்யும், நேரே பற்றரியில பூட்டிக் கிடக்கு. அதால கம்பியையே கழற்றிக் காட்டச் சொல்றாங்க."

"எப்ப இருந்து?"

"மார்கழியில இருந்து."

பாக்கியரத்தினம் அதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். மனம் சில்லுகளில் இருந்தது. வெயில் இரும்புத் தட்டில் ஏறிக் காலணிக்குள்ளால் சுட்டது. குடாவின் வாயில் நீரோட்டம் பாதையைப் பக்கவாட்டில் தள்ள, வள்ளக்காரன் அதற்கு எதிராகத் தள்ளினான். அக்கரை நெருங்கியதும் வாகனங்கள் எல்லாம் ஒன்றாக உறுமத் தொடங்கின. பாதை துறையில் முட்டும் முன்பே எல்லோரும் எஞ்சினை எழுப்புவது அங்கு வழக்கம். முதலில் இறங்குபவர் சோதனை வரிசையில் முதலில் நிற்பார். பின்னால் மாட்டுப்பட்டவர் பொழுது ஏறும்வரை வெயிலில் காய்வார். வள்ளம் பாதையின் முகத்தை இடப்பக்கமாகத் திருப்பித் துறைக்கு வளைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஸெய்னுதீன் கம்பியைப் பூட்டி, மூடியைச் சாத்தி, ஓடி வந்து திறப்பைத் திருகினார்.

சோதனை முடிந்து, ஊர் தாண்டி, வயல்களுக்கு நடுவே வந்த முதல் வலது வளைவு மிகச் சாதாரணமானது. ஸெய்னுதீன் மெதுவாகத்தான் திருப்பினார். இடது முன் சில்லை யாரோ கீழே இருந்து எட்டிப் பிடித்ததுபோல் ஜீப் வெளிப்பக்கம் இழுபட்டது. மீற்றரில் மஞ்சள் கார் மினுங்கியது. பாக்கியரத்தினத்தின் தோள் கண்ணாடியில் மோதியது. பின்னால் ஒரு மருந்துப் பெட்டி சரிந்தது.

"கம்பியைப் பிடிக்கச் சொன்னனான்," என்றார் பரீதா மிஸ்ஸி.

ஸெய்னுதீன் ஜீப்பை ஓரத்தில் நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்ரேறிங்கில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பார்த்தீங்களா," என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லாதது பாக்கியரத்தினத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் இறங்கினார். கை பழக்கத்தில் பையில் இருந்து ஸ்பனரை எடுத்தது. மூடியைத் திறந்து மறைக் கம்பியின் நட்டில் ஸ்பனரை வைத்தார்.

"இவருமா?" என்றார் பரீதா மிஸ்ஸி, கதவைத் திறந்து கால்களை நீட்டிக்கொண்டு. "கண்டவன் எல்லாம் அந்தக் கம்பியைத்தான் முதல்ல கழற்றுறான். இப்பதானே பாதையில ஒருக்காக் கழற்றினது."

ஸ்பனர் நட்டிலேயே நின்றது.

அவர் கையை எடுக்கவில்லை, திருகவும் இல்லை. பட்டறையில் மூன்று தரமும் முதல் வேலையாகக் கழற்றியது இந்தக் கம்பி. கழற்றினால் கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தை இழந்துவிடும். பிறகு கம்பியைப் பூட்டித் திறப்பைத் திருகும்போது, கதிரைகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியிடம் கேட்டு, வாகனம் அசையாமல் நிற்கிறது என்று தானே எண்ணிக்கொண்டு, அப்போது அது சொல்வதையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். இது அவருக்குத் தெரிந்த விஷயம். பாலையூற்றில் அவருடைய சிமெந்துத் தரை அசையாது. பாதை அசையும். அசைவது மட்டுமில்லை, திரும்பும். தட்டில் ஏதோ கிடக்கும்போது தராசுக்குப் பூச்சியம் வைத்த கடைக்காரன் அதன் பிறகு நிறுப்பதெல்லாம் பிழைதான். கிண்ணியாக் கரைக்கு வரும்போது பாதை இடப்பக்கம் திரும்பி அணைகிறது. திருகோணமலைக் கரைக்குப் போகும்போது வலப்பக்கம். இடத் திரும்பலைப் பூச்சியமாக எடுத்தால் வலது வளைவு இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்; வலத் திரும்பலை எடுத்தால் இடது வளைவு. பழுது கடலைக் கடந்ததும் பக்கம் மாறியது அதனால்தான்.

ஸெய்னுதீன் ஒவ்வொரு தரமும் பழுதை உள்ளபடியே ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தியிருக்கிறார். தானே முதல் வேலையாக அதைத் துடைத்துவிட்டு, பிறகு நாள் முழுக்கத் தேடியிருக்கிறார்.

அவருக்கு வந்த கோபத்தில் ஸ்பனரை வயலுக்குள் எறிந்திருப்பார். அது நல்ல ஸ்பனர்.

"எல்லாரும் இறங்குங்கோ, ஆரும் சாயாதீங்கோ," என்றார். வீதி அந்த இடத்தில் சமமாக இருந்தது. கம்பியைக் கழற்றினார், காத்திருந்தார், பூட்டினார். ஜீப்பைத் தொடாமல், கையை மட்டும் உள்ளே விட்டுத் திறப்பைத் திருகினார். பிறகு ஸெய்னுதீனைப் பின்னுக்கு எடுத்து அதே வளைவில் திருப்பச் சொன்னார். ஒன்றும் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். ஒன்றும் இல்லை.

"சரியாயிட்டுதா?" என்றார் ஸெய்னுதீன்.

"இல்லை. எதால வருகுது எண்டு மட்டும் தெரிஞ்சுட்டுது. அது உங்கட கையால வரேல்லை."

திரும்பும் வழியில் பாதையில் எல்லாவற்றையும் வழக்கப்படியே செய்யச் சொன்னார். சீனன்குடாவின் இடது வளைவில் பிரேக் ஒழுங்காக வந்து பிடித்தது. ஒரு பழுது சொன்ன நேரத்துக்கு வருவது ஆறுதல் தரவேண்டும். அவருக்கு ஆறுதல் வரவில்லை. பழைய ரயரிலும் இந்தப் பிழைப் பூச்சியம் இருந்திருக்கும், ஆனால் அது பிரேக் பிடிக்கும் அளவுக்குப் போயிராது. பெரிய ரயர் கூட்டிவிட்ட சந்தேகமும் இதுவும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினை. ரயரைக் கழற்றினால் ஜீப் சேற்றில் புதையும். ரேடியோவைக் கழற்றினால் நிறுவனம் ஜீப்பை அந்தப் பக்கம் விடாது. பாதை நின்ற பிறகு திறப்பைத் திருகலாம் என்றால், கயிறு கட்டிய பாதையும் நீரில்தான் நிற்கிறது. வாகனத்தை எழுப்பாமல் அதில் இருந்து இறங்கவும் ஏலாது. இறங்கிய பிறகு கம்பியை மறுபடி கழற்றிப் பூட்டலாம். ஆனால் இறங்கிய இடம் சோதனைச்சாவடி. அங்கே மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா காத்து நிற்கும் வாகனத்தை யாரும் அன்பாகப் பார்ப்பதில்லை.

வீட்டில் அவர் வேறொரு வழி யோசித்தார். கம்ப்யூட்டரின் ஞாபகத்துக்கு மட்டும் தனியாக ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரி. கதிரைக்கு அடியில் வைத்து ஒரு வயர் இழுத்தால் போதும். பெரிய பற்றரியைக் கழற்றினாலும் பூச்சியம் அழியாது. வேலை சுத்தமானது. மேசையில் வெண்கட்டியால் படம் கீறினார்.

அன்னலட்சுமி எட்டிப் பார்த்தார். "இது என்ன?"

"பற்றரி. கதிரைக்குக் கீழ."

"கதிரைக்குக் கீழ ஒளிச்சு ஒரு பற்றரி, அதில இருந்து வயர். சோதிக்கிறவன் கதிரையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டால் ஸெய்னுதீன் என்ன சொல்லுவார்? மூளைக்குச் சாப்பாடு எண்டோ?"

பாக்கியரத்தினம் படத்தைக் கையால் அழித்தார். எரிச்சலில் அதிக நேரம் அழித்தார்.

கடைசியில் செய்தது மிக எளிமையான வேலை. அதுவே அவருக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது. ரேடியோவின் சிவப்பு வயரைப் பற்றரியில் இருந்து பிரித்தார். முன்பக்கம், மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், கரண்ட் பாயாத கறுப்பு எபனைற் கட்டை ஒன்றைப் பூட்டி, அதில் ஒரு பித்தளைப் போல்ட் வைத்தார். பற்றரிக் கரண்ட் பியூஸ் வழியாக அந்தப் போல்டுக்கு வரும். ரேடியோவின் வயர் அதில் கையால் திருகும் நட்டினால் நிற்கும். கழற்றினால், பற்றரிக் கம்பியைப் போலவே வயரைத் தூக்கிக் காட்டலாம். ரேடியோ செத்துவிடும். ஜீப்பின் மற்ற உறுப்பு எதற்கும் தெரியாது. ஒவ்வொரு வயரும் திறந்தே இருந்தது. எதுவும் சுற்றி மூடப்படவில்லை. பார்ப்பவன் ஒரு பார்வையில் முழுவதையும் பார்க்கவேண்டும் என்று அவர் நினைத்தார். அதையெல்லாம் முடித்து, சமதரையில் பூச்சியத்தைப் புதிதாக எடுக்கவைத்தார்.

வேலை முடிந்த அடுத்த நாள் பாக்கியரத்தினமும் ஜீப்பில் போனார். துறையில் சிப்பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பற்றரிக் கம்பியைக் காட்டினான். அதைக் கழற்றச் சொன்னான். ஸெய்னுதீன் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். சிவப்பு வயரைத் தூக்கிப் பிடித்தார். சிப்பாய் மறுபடி பற்றரிக் கம்பியையே காட்டினான். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"கழற்றிக் குடுத்திட்டுப் போவமா அண்ணன்?" என்றார் ஸெய்னுதீன் மெதுவாக.

"கழற்றினால் நான் இவ்வளவு நேரமும் செய்தது ஒண்டுமில்லை. அவரை ரேடியோவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ."

ஸெய்னுதீன் சொன்னார். சிப்பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே எட்டி ரேடியோவின் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் இல்லை. திறப்பைத் திருகவைத்து அழுத்தினான். மீற்றர் விளக்குகள் எரிந்தன, ரேடியோ இருட்டாக இருந்தது. அவன் போய்த் தன் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியவர் கட்டையையும் போல்டையும் குனிந்து பார்த்தார். வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டு போனார். தானும் பொத்தானை அழுத்தினார். லொறிக்காரனின் ஹோர்ன் இன்னொரு தரம் ஒலித்தது. பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சிப்பாயிடம் இரண்டு சொல் சொல்லிவிட்டு நடந்தார்.

"என்னவாம்?" என்றார் பாக்கியரத்தினம்.

"உத்தரவு ரேடியோவுக்குத்தானாம். இதைக் கழற்றினாப் போதுமாம்."

அன்று கிண்ணியாப் பக்கத்து வலது வளைவுகளில் ஒன்றும் பிடிக்கவில்லை. குளக்கட்டிலும் பிடிக்கவில்லை. திரும்பும்போது சீனன்குடாவின் இடது வளைவை ஸெய்னுதீன் தேவையில்லாமல் இரண்டு தரம் சுற்றினார்.

பட்டறைக்கு வந்தபோது யோகலிங்கம் காத்திருந்தார். கையில் தொலைபேசி. "கொழும்பில இருந்து லைனில நிக்கிறாங்கள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ பாக்கியண்ணை. வாகனமா, சாரதியா?"

"வாகனம். பெரிய ரயரும், பாதையில பற்றரிக் கம்பி கழற்றினதும் சேர்ந்து வந்த பழுது. ஸெய்னுதீன் முதல் நாளில இருந்து சொன்னது ஒவ்வொண்டும் சரி. வலது எண்டு சொன்னதும் சரி, இடது எண்டு சொன்னதும் சரி. அவர் இருக்கிற இடத்தில அவர்தான் இருக்கவேணும்."

யோகலிங்கம் அதைத் தொலைபேசியில் அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டார்கள். "ஓம். ஓம். இல்லை, ஆளை மாத்தத் தேவையில்லை," என்றார். பிறகும் "ஓம்" என்றார். தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஜீப்பின் திறப்புக்காகக் கையை நீட்டினார்.

பாக்கியரத்தினம் கையைத் துணியில் துடைத்து, திறப்பையும் துடைத்தார். "பெரிய ரயர், மீற்றர் குறைச்சுத்தான் காட்டும். அம்பது எண்டு காட்டினால் அம்பதுக்கு மேல ஓடுறீங்கள் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. ரேடியோ வயர் தவிர வேற எந்தக் கம்பியையும் ஆர் சொன்னாலும் பாதையில கழற்றாதீங்கோ," என்று சொல்லிக்கொண்டே யோகலிங்கத்தின் நீட்டிய கையைக் கடந்து போய், திறப்பை ஸெய்னுதீனின் உள்ளங்கையில் வைத்தார்.